கொடுத்த ஆண்டும் கெட்ட ஆண்டும்: செர்ரி கவுண்டியின் வறட்சி நிவாரணக் கணக்கு

அமெரிக்க வேளாண் நிவாரணத்தை ஆராய்வோரிடையே ஒரு வாசிப்பு வேரூன்றிவிட்டது. கவுண்டிவாரியான கொடுப்பனவுப் பட்டியலை வறட்சிப் பதிவோடு ஒப்பிடுவது. இரண்டும் பொருந்தாத ஆண்டில் அரசியல் தயவையோ, உதவி வரும் என்ற துணிச்சலில் மந்தையைக் குறைக்காத பண்ணையாளரையோ காண்பது. இதற்கு வலுவான சான்றாக 2014ஆம் ஆண்டு காட்டப்படுகிறது. அந்தச் சான்று நிற்காது என்பது என் முடிவு.

நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி கவுண்டியை எடுத்துக்கொள்வோம்: 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த மணல்மேட்டுப் புல்வெளி. கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிய இந்நிலப்பரப்பில் 2010 கணக்கெடுப்பின்படி 5,713 பேரே வாழ்ந்தனர். மாடும் புல்லுமே பிழைப்பு. எனவே இங்கு முதலில் பார்க்க வேண்டியது மேய்ச்சல் இழப்புக்கான கால்நடைத் தீவனப் பேரிடர்த் திட்டம்.

2008 வேளாண் சட்டம் தந்த இத்திட்டம் 2011 செப்டம்பர் 30 வரையிலான இழப்புகளுக்கே செல்லுபடியானது. அதன்பின் நேர்ந்த இழப்புகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2012இல் நெப்ராஸ்காவின் பெரும்பகுதி வறட்சி வரைபடத்தின் உச்சநிலையான டி4க்குள் விழுந்தது. புல் கருகியபோது இத்திட்டத்தில் விண்ணப்பிக்க ஒரு படிவம்கூட இல்லை. 2014 பிப்ரவரியில் வந்த புதிய சட்டம் திட்டத்தை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் 1 முதலான இழப்புகளுக்கும் பின்னோக்கி நீட்டித்தது. விண்ணப்பம் பெறுவது ஏப்ரல் 15இல் தொடங்கியது. ஆக, பணம் வழங்கிய ஆண்டின்படி தொகுத்த பட்டியல்களில் 2012, 2013 இழப்புகளுக்கான தொகையும் 2014 முதலே ஏறுகிறது. 2014இல் தொகை உயர்ந்து தெரியும் அந்த மேடு அவ்வாண்டின் வானிலையைக் காட்டவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தாமதத்தைக் காட்டுகிறது.

இதிலிருந்து பெறப்படுவது இன்னும் முக்கியமானது. 2012 கோடையில் மாட்டை விற்பதா, வைக்கோலை விலைக்கு வாங்கிக் காப்பதா என்று முடிவெடுத்தவர், நடைமுறையில் இல்லாத ஒரு திட்டத்தை நம்பி முடிவெடுத்திருக்க முடியாது. காங்கிரஸ் என்றேனும் கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்திருக்கலாமே என்பர். எதிர்பார்ப்பை அடகு வைத்து எவரும் வைக்கோல் வாங்கியதில்லை. 2014 ஜனவரியில் அமெரிக்க மாடுகளின் எண்ணிக்கை 8 கோடியே 77 லட்சமாக, 1951க்குப் பின் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அந்தச் சரிவு பல ஆண்டுகளாகத் தொடர்ந்தது, வறட்சி ஒன்றே அதற்குக் காரணமும் அன்று. ஆயினும் உதவியை நம்பி மந்தையைக் கட்டிக்காத்தவர்களின் நாடாக இது தோன்றவில்லை. வறட்சியால் விற்ற மாடுகளையும் சட்டம் கணக்கில் சேர்த்தது. மாடு போனபின் பணம் வந்தது. இதைச் சலுகை என்று எழுதுவது பண்ணையாளருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

என் வாதத்துக்கு எல்லை உண்டு. திட்டம் நிரந்தரமான பிந்தைய ஆண்டுகளுக்கு அந்தப் பழைய ஐயம் பொருந்தக்கூடும். மேலும், ஆண்டைத் திருத்தினாலும் தொகை இழப்பின் அளவாகிவிடாது. 2014 சட்டத்தின் விதிப்படி, மேய்ச்சல் பருவத்தில் கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதி தொடர்ந்து எட்டு வாரம் வறட்சி வரைபடத்தின் டி2 நிலையில் இருந்தாலோ, ஒருமுறை அடுத்த நிலையான டி3ஐத் தொட்டாலோ கவுண்டி முழுவதும் தகுதி பெற்றது. தனித்தனிப் பண்ணையின் இழப்புக்குச் சான்று கேட்பதில்லை. தொகை மாதத் தீவனச் செலவின் 60 விழுக்காட்டை ஒட்டிக் கணிக்கப்படுகிறது. செர்ரி போன்ற பரந்த கவுண்டியில், ஒரு மூலை காய்ந்தால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் புல் செழித்த பண்ணைக்கும் பணம் சேரலாம். இது உண்மையான குறை. ஆனால் இது எல்லைக்கோட்டின் குறை. பண்ணையாளரின் ஒழுக்கம் பற்றி எதையும் நிறுவாது.

கவுண்டிப் பட்டியல்கள் இழப்பு நேர்ந்த ஆண்டின்படி மறுதொகுக்கப்பட வேண்டும். அதுவரை 2014இன் தொகையைப் பண்ணையாளரின் நடத்தைக்குச் சான்றாக எவரும் எடுத்தாளக் கூடாது.