பிளேக் கிருமியின் போர்வை

கோவையில் படித்த நம்மில் பிளேக் மாரியம்மன் கோயிலைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பஸ்ஸில் போகும்போதே கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி. அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை வீடுகள் காலியாயின என்று யார் யோசித்தோம்?

எனக்கு அது உறைத்தது போன வருடம்தான். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபெர்மென்டரின் வெப்பக் கட்டுப்பாட்டைச் சரிபார்க்கப் போயிருந்தேன். நான் மெக்கானிக்கல், பயாலஜியோடு உறவு பிளஸ் டூவிலேயே முடிந்தாச்சு. ஃப்ரீசரில் விரல் நுனியளவு ஒரு குப்பி. லேபிளில் ‘யெர்சினியா பெஸ்டிஸ், எஃப்1, ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்றிருந்தது. பிளேக் கிருமியின் பெயர்! இரண்டடி பின்வாங்கினேன். அங்கிருந்த மேடம் சிரித்தார். “பயப்படாதீங்க சார், இது கிருமி இல்லே. கிருமி போர்த்திக்கிற போர்வை. அதுவும் ஈ.கோலை செஞ்சு குடுத்தது.”

அந்தப் போர்வையின் கதையைத் தேடிப் படித்தேன்.

1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் இந்தக் கிருமியைக் கண்டார். 1896இல் பம்பாயில் பிளேக் வெடித்தது. ஹாஃப்கின் அங்கே வந்து, கிருமியைச் சாறில் வளர்த்து, சூட்டில் கொன்று, தடுப்பூசி செய்தார். 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். மருந்து செய்ய வேண்டுமென்றால் முதலில் உயிருள்ள கிருமியை மூட்டை மூட்டையாக வளர்த்தாக வேண்டும். அதுதான் அன்றைய நிலை.

அதற்குக் கொடுத்த விலையை வியன்னாவில் பார்க்கலாம். பம்பாயிலிருந்து ஆஸ்திரிய மருத்துவக் குழு கொண்டுபோன கிருமியை அங்கே ஆராய்ந்தார்கள். 1898 அக்டோபரில், ஆய்வுக்கூட ஊழியர் பாரிஷுக்கு நோய் தொற்றியது. பம்பாயில் பிளேக் நோயாளிகளைப் பார்த்த டாக்டர் ஹெர்மன் ம்யூல்லர்தான் அவருக்கு வைத்தியம் பார்த்தார். பாரிஷ் இறந்தார். பிறகு ம்யூல்லர். பிறகு நர்ஸ் அல்பீனா பெஹா. ஒரே மாதத்தில் மூன்று உயிர்கள்.

போர்வை என்றேனே, அதை கேப்ஸ்யூல் என்கிறார்கள் (மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கேப்ஸ்யூல் இல்லை). பல பாக்டீரியாக்களுக்கு அது சர்க்கரைப் பொருளால் ஆனது. பிளேக் கிருமிக்கோ புரதம். நமது வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கவிடாமல் அது தடுக்கிறது. என் தொழிலுக்கு ருசியான விஷயம் ஒன்று: தெள்ளுப்பூச்சியின் உடலில், சுமார் 26 டிகிரியில், கிருமி போர்வையைப் போடுவதில்லை. 37 டிகிரியில், அதாவது நம் உடம்புக்குள் வந்ததும், போர்த்திக்கொள்கிறது. தெர்மோஸ்டாட்டேதான்! 1932இல் ஷூட்ஸே என்பவர் இந்த உறைப் பொருளைப் பிரித்தறிந்தார். 1952இல் அமெரிக்காவில் பேக்கரும் சகாக்களும் அதைச் சுத்தமாக எடுத்து முதல் பகுதி, ‘ஃப்ராக்ஷன் 1’ என்றார்கள். எஃப்1 என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஆனால் அப்போதும் பிளேக்கை வளர்த்துத்தானே எடுக்க வேண்டும்? 1990இல் சோவியத் விஞ்ஞானிகள் இதற்கான ஜீனின் எழுத்து வரிசையை வெளியிட்டார்கள். அந்த ஜீனை மட்டும் ஈ.கோலைக்குள் வைத்தால் போதாது. புரதத்தை வெளியே தள்ளும் துணை ஜீன்களும் கூடவே வேண்டும். வெளியே வரும் துண்டுகள், ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் செருகி, சங்கிலியாக நீளுகின்றன. நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் ஆண்-பெண் ஜாயின்ட் ராவியது ஞாபகம் வருகிறதா?

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். 1994 செப்டம்பரில் சூரத்தில் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடியபோது, ‘இது பிளேக்கா, இல்லையா’ என்று மாதக்கணக்கில் சண்டை நடந்தது. நோயாளிகளின் இரத்தத்தில் எஃப்1-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்ற சோதனை அதில் முக்கியச் சாட்சி. ராமலிங்கசுவாமி தலைமையிலான குழு, அது பிளேக்தான் என்றது. மடகாஸ்கரில் எஃப்1-ஐக் கண்டுபிடிக்கும் ஒரு காகிதப் பட்டையைச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். பதினைந்தே நிமிடம், கிராமத்து ஆஸ்பத்திரியிலேயே பதில்.

எஃப்1 மட்டுமே போதும் என்று சொல்ல மாட்டேன். போர்வையில்லாத ரகங்களும் உயிரைக் குடிக்கக்கூடியவை. அதனால் தடுப்பூசி ஆராய்ச்சியில் ‘வி’ என்ற இன்னொரு புரதத்தையும் சேர்க்கிறார்கள். உயிருள்ள கிருமியோடு வேலை செய்வதும் நின்றபாடில்லை. 2009இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மால்கம் கசடபன், ஜீன்களை ஒட்டுவதில் முன்னோடி, வலுவிழக்கச் செய்த பிளேக் ரகத்தில் வேலை செய்துவந்தார். இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாததால் அது ஆபத்தில்லாதது என்று கருதப்பட்ட ரகம். அவருடைய உடம்பிலோ, பரம்பரைக் கோளாறு ஒன்றினால், இரும்பு தேவைக்கு மேல் சேர்ந்திருந்தது. அவர் இறந்த பிறகுதான் அது தெரியவந்தது.