கீசரில் வெந்நீர் சீராக வரவில்லையா? சொட்டும் வால்வை மட்டும் அடைத்துவிடாதீர்கள்!

ஹைதராபாத்: டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஹைதராபாத்தின் இரவு வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவது வழக்கம். மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கீசர்கள் நாள்தோறும் இயங்கத் தொடங்கும் இந்தப் பருவத்தில் மூன்று புகார்கள் அடிக்கடி எழுகின்றன. வெந்நீர் நூல்போல மெலிந்து வருகிறது. அரை வாளி சூடாகவும் மீதி பச்சைத் தண்ணீராகவும் விழுகிறது. கீசரின் அடியிலுள்ள வால்விலிருந்து நீர் சொட்டுகிறது. முதல் இரண்டும் தொல்லைகள் மட்டுமே. மூன்றாவதைத் தவறாகக் கையாண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நீரில் தொடங்கும் சிக்கல்: கிருஷ்ணா, கோதாவரி, மஞ்சீரா ஆறுகளின் நீர் குழாய் வழியே ஹைதராபாத்துக்கு வருகிறது. ஆயினும் மாநகரின் மேற்குப் புறநகர்களில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல, ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் சேர்த்தே நம்பியுள்ளன. கருங்கல் பாறையின் மீது அமைந்த நகரம் இது. பாறை இடுக்குகளிலிருந்து எடுக்கப்படும் நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்திருக்கும்.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்புடையது என்றும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 விதி கூறுகிறது. அத்தகைய நீர் குடிக்கத் தகுதியானதாக இருக்கலாம். கீசருக்கு அது ஒத்துவராது. நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, சுண்ணாம்புப் படிவாகப் பிரிகிறது. காயில், தொட்டியின் அடிப்பகுதி, வெளியேறும் குழாய் என எங்கும் அது அப்பிக்கொள்ளும். வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டினால் படிவு சேரும் வேகமும் கூடும். கீசர் இயங்கும்போது உள்ளே படபடவென வெடிப்பது போன்ற ஒலி கேட்டால், காயிலின் மீது படிவு ஏறிவிட்டது என்று கொள்ளலாம்.

அழுத்தம் எங்கே குறைகிறது?: பிளம்பரை அழைக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அதே குளியலறையில் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். அதுவும் மெலிந்து வந்தால் கீசரின் மீது குற்றமில்லை. மேல்நிலைத் தொட்டியையோ பொதுக் குழாயையோ கவனிக்க வேண்டும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மொட்டை மாடித் தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் மேல்தள வீட்டுக்கு 0.3 பார் மட்டுமே கிடைக்கும். அங்கு பெரிய ஷவர் பொருத்திவிட்டு கீசரைக் குறை கூறுவதில் பயனில்லை.

வெந்நீர் மட்டும் மெலிந்து வந்தால், முதலில் பார்க்க வேண்டியவை ஷவர் தலையும் குழாய் முனையிலுள்ள சல்லடையும். அவற்றைக் கழற்றி, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் கலந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்தால் படிவு இளகிவிடும். பிறகும் மாற்றமில்லை எனில், கீசருக்குள் நீர் நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டும். தொட்டியைக் கழுவிய பின்னரோ லாரித் தண்ணீர் நிரப்பிய பின்னரோ அங்கு மணல் வந்து அடைத்துக்கொள்வது உண்டு. இதற்கு எம்சிபியை அணைத்து, நீர் ஆறும்வரை காத்திருந்து, ஆங்கிள் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே இணைப்புக் குழாயைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

குளிர் நாடுகளில் வசிக்கும் உறவினர்கள் கூறும் வழிமுறை இங்கே பொருந்தாது என்பதையும் குறிப்பிட வேண்டும். லண்டன் வீடுகளில் பாய்லரும் ரேடியேட்டர்களும் மூடிய சுற்றாக இயங்குகின்றன. அங்கு அளவுமானி 1 பாருக்குக் கீழே இறங்கினால் நீரை நிரப்புவார்கள். ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்திருந்தால் காற்றை வெளியேற்றுவார்கள். நமது கீசரில் அத்தகைய மூடிய சுற்று இல்லை. தொட்டி தரும் அழுத்தமே அதன் அழுத்தம்.

பாதி சூடு, பாதி குளிர்: 2,000 வாட் காயில் கொண்ட 15 லிட்டர் கீசர், 25 டிகிரி நீரை 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 18 முதல் 20 நிமிடம் எடுக்கும். அதற்கு வெகு முன்னதாகவே விளக்கு அணைந்து, நீர் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் படிவையோ தெர்மோஸ்டாட்டையோ சந்தேகிக்கலாம். படிவு மூடிய காயில் தன்னளவில் மிகுதியாகச் சூடாவதால், தெர்மோஸ்டாட் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடும்.

பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு காரணமும் உண்டு. மிக்சர் குழாயின் உட்பகுதி தேய்ந்திருந்தால், குளிர்ந்த நீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து கலந்துவிடும். கீசருக்குச் செல்லும் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து பாருங்கள். சிறிது நேரத்தில் நீர் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் கலப்பு நடக்கிறது என்று பொருள்; மாற்ற வேண்டியது கீசரை அன்று, மிக்சரின் உட்பகுதியை. செங்குத்தாகப் பொருத்த வேண்டிய கீசரைப் பரணில் படுக்கவைத்திருந்தாலும் இதே கோளாறு வரும்.

சொட்டும் வால்வு: நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் கன அளவு சுமார் 1.4 சதவீதம் கூடும். 15 லிட்டர் தொட்டியில் இது ஏறக்குறைய 200 மில்லிலிட்டர். நுழைவாயிலில் ஒருவழி வால்வு இருந்தால் கூடுதல் நீர் திரும்பிச் செல்ல முடியாது. எனவே பாதுகாப்பு வால்வு அதை வெளியே விடுகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டுவது கோளாறு அன்று.

இரவு பகலாகச் சொட்டினால், வால்வின் இருக்கையில் மணலோ படிவோ சிக்கியிருக்கலாம், அல்லது குடியிருப்பின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். வீட்டுக் கீசர்கள் பலவற்றின் உச்ச வரம்பு 8 பார். கோகாபேட் போன்ற பகுதிகளில் எழும் உயர்ந்த கோபுரங்களில், தொட்டிக்கு 90 மீட்டர் கீழேயுள்ள வீட்டில் அழுத்தம் 9 பாரை எட்டும். இதைக் குறைப்பதற்கென்றே இடைத்தளங்களில் அழுத்தக் குறைப்பு வால்வுகள் பொருத்தப்படுகின்றன. அவை பழுதானால் ஒரே வரிசையிலுள்ள பல வீடுகளில் ஒருசேர வால்வுகள் சொட்டும். அப்போது பராமரிப்பு அலுவலகத்தில் புகார் செய்வதே சரி.

தரை ஈரமாகிறது என்பதற்காக வால்வின் வாயை மூடியால் அடைப்பதும், அதை எடுத்துவிட்டுச் சாதாரண இணைப்பைப் பொருத்துவதும் பல வீடுகளில் நடக்கின்றன. தெர்மோஸ்டாட்டும் அதற்குத் துணையான வெப்ப வெட்டியும் செயலிழக்கும் நாளில் காயில் நிற்காமல் சூடாகிக்கொண்டே இருக்கும். 8 பார் அழுத்தத்தில் நீர் 170 டிகிரியைத் தாண்டிய பிறகே கொதிக்கும். அந்த நிலையில் தொட்டி கிழிந்தால், சூடான நீரின் ஒரு பகுதி நொடியில் நீராவியாக மாறும். நீராவியாகும் நீர் சுமார் 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கீசர் வெடிப்பது இவ்வாறுதான். வால்வின் வாயில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் முனையைத் திறந்த நிலையில் வடிகாலுக்குக் கொண்டுசெல்வதே முறையான தீர்வு.

மின்சார ஆபத்து வேறு வகை. 2022 அக்டோபரில் ஹைதராபாத்தின் லங்கர் ஹவுஸ் பகுதியில் புதுமணத் தம்பதி குளியலறையில் உயிரிழந்து கிடந்தனர். கீசரிலிருந்து மின்சாரம் பாய்ந்திருக்கலாம் என்று போலீசார் அப்போது சந்தேகம் தெரிவித்தனர். காயிலின் உறை படிவால் வெடித்தால் மின்சாரம் நேரடியாக நீரில் இறங்கக்கூடும். எனவே முறையான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இன்றியமையாதவை. ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை கீசரை இயக்கக் கூடாது.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன்பே, தொட்டியைத் திறந்து படிவை அகற்றச் சொல்ல வேண்டும். துருவிலிருந்து தொட்டியைக் காக்கும் மெக்னீசியம் தண்டு கரைந்து மெலிந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடலாம். கழிப்பறை கழுவும் ஆசிட்டைத் தொட்டியில் ஊற்றச் சம்மதிக்க வேண்டாம். அது படிவோடு சேர்த்து உலோகத்தையும் அரிக்கும். தெர்மோஸ்டாட்டை 50 முதல் 55 டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டுக்குள் சேரும் படிவும் குறையும்.