பம்பரம், ராக்கெட், கேம் கன்ட்ரோலர்



வரும் பொதுக்குழுவில் விவாதத்துக்கு வரும் கோரிக்கையைச் சுற்றறிக்கையில் பார்த்திருப்பீர்கள். கேரம் போர்டு தூசி படிந்து கிடக்கும் தரைத்தள அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிவி, இரண்டு கேம் கன்ட்ரோலர்கள் வைத்துக்கொள்ள நம் பிள்ளைகள் அனுமதி கேட்கிறார்கள். வேண்டும் என்பவர்கள் சிலர், கூடவே கூடாது என்பவர்கள் பலர். "கையைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அது என்ன வித்தை?" என்று லிஃப்டில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்கள். கை தூக்குமுன் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லதல்லவா? நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை, பி.காம். படித்து வங்கியில் பேரேடு பார்த்தவன். பேரேடு பார்த்தவனுக்குப் பழைய பதிவுகளைத் தேடிப் போவது பழக்கம். அப்படித் தேடியதில் கிடைத்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பம்பரத்தின் பிடிவாதம்

பம்பரம் விடாத கை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? சுழலாத பம்பரம் நிற்காது, விழுந்துவிடும். சுழலும் பம்பரம் தட்டினாலும் சமாளித்து நிற்கும். வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. இந்தப் பிடிவாதத்தை அறிவியலாக்கியவர் லெயோன் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர். 1851-ல் பெரிய ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் கண்ணுக்குக் காட்டினார். அடுத்த ஆண்டு, 1852-ல், அதையே சுழலும் சக்கரத்தை வைத்துக் காட்டி, அந்தக் கருவிக்கு ஜைரோஸ்கோப் என்று பெயரும் வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கப்பலேறியது. இரும்புக் கப்பலில் காந்த ஊசி தடுமாறும். ஜெர்மனியில் ஹெர்மன் ஆன்ஷுட்ஸ்-கேம்ஃபே, அமெரிக்காவில் எல்மர் ஸ்பெர்ரி ஆகியோர் செய்த ஜைரோ திசைகாட்டி தடுமாறவில்லை. இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் பெரிய சரக்குக் கப்பல்களிலும் ஜைரோ திசைகாட்டி உண்டு.

பிறகு அது விமானத்திலும் ராக்கெட்டிலும் ஏறியது. நமக்குத் தெற்கே, தசரா வேஷம் கட்டிப் போகும் அதே குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கிப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும், அதற்கு எரிபொருள் செலவாகும். குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். அப்படி நேரே போக, தான் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறோம் என்று ராக்கெட்டுக்கு ஒவ்வொரு நொடியும் தெரிய வேண்டும். அதைச் சொல்வது ஜைரோ. அந்தக் கருவிகளுக்காகவே திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இஸ்ரோ தனிப் பிரிவு நடத்துகிறது.

சக்கரம் போய்ச் சில்லு வந்தது

சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள் சக்கரம் எப்படிச் சுழலும்? சுழல்வதில்லை. சிலிக்கானில் செதுக்கிய கண்ணுக்குத் தெரியாத சிறு துண்டு ஒன்று முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் கருவியைத் திருப்பும்போது அந்த அதிர்வு கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கும். அந்த ஒதுக்கத்தை மின்சாரத்தால் அளந்து, இவ்வளவு வேகத்தில் திரும்பினார் என்று சில்லு சொல்லிவிடும். கார் சறுக்காமல் காக்கும் அமைப்புகளிலும் இத்தகைய சில்லுகள் வேலை செய்கின்றன. விலை இறங்க இறங்க விளையாட்டுக்கும் வந்தன. நின்டெண்டோ 2006-ல் விற்ற 'வீ' கருவியின் கைப்பிடியில் அசைவு அறியும் சில்லு இருந்தது, ஜைரோ இல்லை. 2009-ல் தனியாக ஒட்டிக்கொள்ளும் துணைக்கருவியாக ஜைரோவைச் சேர்த்தார்கள். 2010-ல் ஐபோன் 4 ஜைரோவுடன் வந்தது. பிறகு பல போன்களிலும் பரவியது.

இந்தச் சில்லுக்கு ஒரு குறை உண்டு. வங்கியில் இருந்தவர்களுக்கு உடனே புரியும். ஜைரோ சொல்வது திரும்பும் வேகத்தை மட்டும். அந்த வேகங்களை வரிசையாகக் கூட்டித்தான் மொத்தக் கோணம் வருகிறது. ஒவ்வொரு பதிவிலும் ஒரு பைசா பிசகினால் மாதக் கடைசியில் என்ன ஆகும்? இருப்பு ஒட்டாது. அதேபோல், கன்ட்ரோலர் சும்மா இருக்கும்போதே திரை மெல்ல நகர ஆரம்பிக்கும். இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, கருவியை மேசையில் அசையாமல் வைத்து, "இதுதான் பூஜ்யம்" என்று சொல்லிக்கொடுப்பது. இரண்டு, புவியீர்ப்பை வைத்துக் கீழ்த்திசை எது என்று அறியும் இன்னொரு சில்லோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. நம் பாஷையில், பேங்க் ரீகன்சிலியேஷன்.

கட்டைவிரலுக்கு வந்த சோதனை

இனி விளையாட்டுக்கு வருவோம். கன்ட்ரோலரில் இருக்கும் கூட்டல் குறி வடிவப் பொத்தானை நின்டெண்டோவின் குன்பே யோகோய் 1982-ல் வடிவமைத்தார். 1990களின் பின்பாதியில் கட்டைவிரலால் தள்ளும் சிறு குச்சி வந்தது. இடது குச்சியால் நடப்பது, வலது குச்சியால் பார்வையைத் திருப்புவது என்பது வழக்கமாயிற்று. கம்ப்யூட்டரில் ஆடியவர்களோ இதற்குள் மவுஸுக்குப் பழகிவிட்டார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அதற்கேற்ற தூரம் பார்வை திரும்பும், நிறுத்தினால் நிற்கும். குச்சியில் அப்படியில்லை. எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு தூரம். விகிதமும் காலமும் பெருக்கி வரும் வட்டிக் கணக்கு மாதிரி. அதனால் சரியான இடத்தில் நிறுத்துவது சிரமம். நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ரத வீதியில் வடம் பிடித்து இழுக்கலாம், ஆனால் திருப்பத்தில் அங்குல அங்குலமாகச் சரிசெய்ய முட்டுக்கட்டை போடுகிறவர் வேண்டும். குச்சிக் கன்ட்ரோலரில் வடம் உண்டு, முட்டுக்கட்டைக்காரர் இல்லை. அவருடைய வேலையைப் பல விளையாட்டுகளில் கம்ப்யூட்டரே திருட்டுத்தனமாகச் செய்துகொடுக்கிறது. ஆடுபவர் குறி கொஞ்சம் தப்பினால் அது இழுத்துச் சேர்த்துவிடும்.

ஐந்து டாலருக்குப் போன பொருள்

இந்த இடத்தில்தான் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் வருகிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் 'ஸ்டீம்' என்ற கடை அவர்களுடையது. (ஸ்டீம் என்றால் நம் பக்கத்தில் வ.உ.சி.யின் கப்பல்தான் ஞாபகம் வரும், இது வேறு.) 2013 செப்டம்பரில் அவர்கள் ஒரு கன்ட்ரோலரை அறிவித்து, 2015 நவம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விலை ஏறக்குறைய 50 டாலர். வலது குச்சியை எடுத்துவிட்டு, லேப்டாப்பில் இருப்பது போன்ற வட்டமான டச்பேட் இரண்டை வைத்தார்கள். விரல் ஊரும்போது உள்ளங்கையில் 'டிக் டிக்' என்று சிறு அதிர்வு வரும், ஏதோ உருண்டையை உருட்டுவது போலிருக்கும். உள்ளே ஜைரோவும் உண்டு.

கணக்கு என்னவென்றால், பெரிய திருப்பத்துக்கு டச்பேட், நுட்பமான குறிக்கு மணிக்கட்டு. வடமும் முட்டுக்கட்டையும் ஒரே கையில்! டச்பேடில் விரல் படும்போது மட்டும் ஜைரோ வேலை செய்யும்படி அமைக்கலாம். மணிக்கட்டு அதற்கு மேல் திரும்பாது என்றால், விரலைத் தூக்கிக் கையை நேராக்கிக்கொண்டு மறுபடி வைக்க வேண்டியதுதான். மேசை ஓரத்துக்குப் போன மவுஸைத் தூக்கி நடுவில் வைப்பதுபோல.

ஆனாலும் அது ஓடவில்லை. கையில் எடுத்த முதல் நாளே யாருக்கும் அது வசப்படவில்லை. பதினைந்து இருபது வருடம் குச்சிக்குப் பழகிய கட்டைவிரல், குச்சி இல்லாத இடத்தில் வழுக்கியது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் எந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து அமைக்கவும் வேண்டியிருந்தது. பின்பக்கப் பொத்தான்கள் தன் காப்புரிமையை மீறுகின்றன என்று அயர்ன்பர்க் இன்வென்ஷன்ஸ் என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. 2019 நவம்பரில் வால்வ் மிச்ச சரக்கை 5 டாலருக்குத் தள்ளிவிட்டுக் கடையை மூடியது. 2021 பிப்ரவரியில் அந்தக் காப்புரிமை வழக்கில் 40 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது.

கணக்கு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியவில்லை. பழகியவர்கள் அதை விடவில்லை. 2016 கடைசியிலேயே வால்வ் தன் மென்பொருளைச் சோனியின் பிஎஸ்4 கன்ட்ரோலருக்கும் திறந்துவிட்டிருந்தது. அதில் டச்பேடும் ஜைரோவும் ஏற்கெனவே இருந்தன. ஜிப் ஸ்மார்ட் என்ற நிரலாளர், குச்சியைத் தள்ளிய திசைக்குப் பார்வை சட்டென்று திரும்பும், மிச்ச நுட்பத்தை ஜைரோ பார்த்துக்கொள்ளும் என்று ஒரு முறையை உருவாக்கினார். 2022-ல் 'ஃபோர்ட்நைட்' என்ற பெரிய விளையாட்டு அதைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த வால்வின் கைக்கம்ப்யூட்டரான 'ஸ்டீம் டெக்'கில் இரண்டு டச்பேடும் ஜைரோவும் இருந்தன, இந்த முறை இரண்டு குச்சிகளையும் விட்டுவைத்தார்கள். 2025 நவம்பரில், இரண்டு குச்சி, இரண்டு டச்பேட், ஜைரோ எல்லாம் சேர்ந்த புதிய கன்ட்ரோலரை அறிவித்தார்கள். ஐந்து டாலருக்குத் தள்ளிவிட்ட யோசனை ஆறு வருடத்தில் திரும்பி வந்துவிட்டது!

வங்கிக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1983-ல் சங்கங்களோடு ஒப்பந்தமாகி, பிறகு கிளைகளுக்கு லெட்ஜர் இயந்திரங்கள் வந்தபோது, பேனாவுக்குப் பழகிய கைகள் முகம் சுளித்தன. ஆறு மாதம் கழித்து அதே கைகளைப் பேனாவுக்குத் திருப்ப முடியவில்லை. புதிய கருவியை முதல் நாள் அனுபவத்தை வைத்து எடை போட்டால் தப்பாகத்தான் போகும்.

நம் பிள்ளைகள் ஏற்கெனவே படித்த பாடம்

அமெரிக்காவில் இத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாததை நம் நாட்டுப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டார்கள். 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது. கண்ணாடித் திரையில் கட்டைவிரலை வைத்தால் பாதித் திரை மறைந்துவிடும். ஆகவே குறி பார்க்க ஜைரோவை இயக்கிப் போனையே சாய்த்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து போனை அப்படியும் இப்படியும் ஆட்டும் பையனைப் பார்த்து, "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவன் செய்தது மணிக்கட்டால் குறி பார்ப்பது. 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்தது. 2021-ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது, 2022-ல் மறுபடி நீக்கப்பட்டது, 2023-ல் மறுபடி வந்தது. விளையாட்டு வந்தது, போனது. கையில் ஏறிய பழக்கம் போகவில்லை. இன்று அந்தப் பையன் கம்ப்யூட்டருக்கு வந்தால் ஜைரோ கன்ட்ரோலர் அவனுக்குப் பழைய நண்பன்.

ராத்திரி இரண்டு மணிவரை ஆடுவதை நான் ஆதரிக்கவில்லை. துப்பாக்கி விளையாட்டு எனக்கும் பிடிக்காது. ஆனால் நேரமும் விளையாட்டு வகையும் நாம் பேசித் தீர்க்க வேண்டியவை. "சும்மா ஆட்டிக்கொண்டிருக்கிறான்" என்ற இளக்காரம் வேறு. அந்த ஆட்டத்துக்குள் இருப்பது குலசையில் ஏறப்போகும் ராக்கெட்டுக்குள் இருக்கும் அதே தத்துவம். அறையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு அந்த வேலைக்கு இங்கிருந்தே ஒரு பிள்ளை போகாது என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்று, என் வயதுக்காரர்களுக்கு. முப்பது வருடத்துக்கு மேல் நோட்டு எண்ணியதில் என் வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. லீவுக்கு வந்த பேரன் கொடுத்த கன்ட்ரோலரில் குச்சியைத் தள்ளினால் பத்து நிமிடத்தில் வலிக்கிறது. ஜைரோவில் லாரி ஓட்டும் விளையாட்டை அரை மணி ஆடினேன், வலி இல்லை. விரல் மடங்காதவர்கள், ஒரு கை பலவீனமானவர்கள் நம் குடியிருப்பில் சிலர் இருக்கிறார்கள். பொத்தான்களை நம் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடிகிறது என்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

பொதுக்குழுவுக்கு என் யோசனை

1. மாலை 5 முதல் 8 வரை மட்டும். பரீட்சை மாதங்களில் சனி, ஞாயிறு மட்டும்.

2. கதவு திறந்தே இருக்க வேண்டும். முறை வைத்துப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். முதல் மாதம் நான் வருகிறேன்.

3. பணம் கட்டி ஆடும் எதுவும் கிடையாது.

4. வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டாம். பிஎஸ்4, பிஎஸ்5 கன்ட்ரோலர்களில் டச்பேடும் ஜைரோவும் உண்டு, கம்ப்யூட்டரோடு இணையும். வாங்கும்போது கவனிக்க: எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஜைரோ கிடையாது.

5. மூத்தோருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பது பிள்ளைகள் பொறுப்பு.

ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம். சரிவரவில்லை என்றால் அதே பொதுக்குழுவில் பூட்டுப் போடலாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்கள் காரணத்தை எழுதி அலுவலகப் பெட்டியில் போடுங்கள், அடுத்த இதழில் அப்படியே வெளியிடச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். கேரம் போர்டையும் தூக்கிப் போட வேண்டாம். தூசி தட்டி அதே அறையில் ஓரமாக வைப்போம், அதற்கும் விரல் நுட்பம் வேண்டும்.