போதைத் தடுப்புக் கல்வியும் கறுப்பினத் திருச்சபைகளும்: அமெரிக்க அனுபவத்திலிருந்து சில பாடங்கள்

ஒடுக்கப்பட்ட சமூகங்களின் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அது அம்மக்களின் ஒழுக்கக் குறைபாடாகவே சித்தரிக்கப்படுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் இச்சித்தரிப்பை இரண்டு நூற்றாண்டுகளாக எதிர்கொண்டு வருகின்றனர். அந்த நெடிய போராட்டத்தில் அவர்களது திருச்சபைகள் ஆற்றிய பங்கு பெரிது. எனினும், அப்பங்கு முழுவதும் பெருமைக்குரியதன்று. அதன் வெற்றிகளையும் பிழைகளையும் ஒருசேர அறிவது நமக்குப் பயன் தரும் என்பதால், இக்கட்டுரையில் அவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

ஏன் திருச்சபை?

பிலடெல்பியாவில் வெள்ளையர் நிர்வகித்த தேவாலயத்தில், மண்டியிட்டு மன்றாடிக்கொண்டிருந்த கறுப்பின விசுவாசிகள் இடைநடுவே எழுப்பப்பட்டனர். அந்த அவமதிப்பைப் பொறாது வெளியேறியவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் ஆலன், 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையை நிறுவினார். அடிமைமுறை நிலவிய நாட்டில் கறுப்பினத்தவர் தாமே உரிமைகொண்டு நடத்திய முதன்மையான நிறுவனங்களாகத் திருச்சபைகள் வளர்ந்தன. வழிபாட்டிடமாக மட்டுமன்றிப் பள்ளியாகவும் உதவிச் சங்கமாகவும் அரசியல் மேடையாகவும் அவை விளங்கின.

இதற்கு நேர்மாறாக, அரசின் மருத்துவத் துறை அம்மக்களின் நம்பிக்கையை இழந்திருந்தது. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய ஆய்வில், மேகப்புண் நோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்கள் உண்மை மறைக்கப்பட்டு, சிகிச்சையின்றிக் கைவிடப்பட்டனர். இத்தகைய வரலாறு கொண்ட ஒரு சமூகத்திடம் உடல்நலம் குறித்துப் பேச, அரசு அலுவலரைவிடத் தம் சபையின் போதகருக்கே கூடுதல் தகுதி இருந்தது.

மதுவும் அடிமைமுறையும்

போதையை அதிகாரத்தின் கருவியாக முதலில் அடையாளம் கண்டவர்களுள் பிரெடரிக் டக்ளஸ் குறிப்பிடத்தக்கவர். 1845இல் வெளிவந்த தன்வரலாற்றில், கிறிஸ்துமஸ் விடுமுறை நாள்களில் அடிமைகள் அளவின்றிக் குடிக்குமாறு உடைமையாளர்கள் தூண்டியதை அவர் விவரிக்கிறார். விடுதலை என்றாலே தள்ளாடி விழுவதுதான் என்ற கசப்பை அவர்கள் மனத்தில் ஊன்றுவதே அதன் நோக்கம் என்பது அவரது முடிவு. ஆகவே, கறுப்பினத்தவரின் மதுவிலக்குப் பரப்புரை தொடக்கத்திலிருந்தே விடுதலைக் கோரிக்கையோடு பிணைந்திருந்தது. கவிஞரும் அடிமை ஒழிப்புப் போராளியுமான பிரான்சிஸ் ஹார்ப்பர், 1880களில் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தில் கறுப்பினத்தவருக்கான பிரிவை வழிநடத்திக்கொண்டே அச்சங்கத்தினுள் நிலவிய இனப்பாகுபாட்டையும் எதிர்த்தார்.

சட்டம் செய்த பாகுபாடு

1971இல் அதிபர் நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரியாக அறிவித்தார். 1986இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் எதிர்ப்புச் சட்டம், 5 கிராம் கிராக் வைத்து விற்பவருக்கும் 500 கிராம் தூள் கொக்கைன் வைத்து விற்பவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை, அதாவது ஐந்தாண்டுச் சிறையை, கட்டாயமாக்கியது. இரண்டும் ஒரே மூலப்பொருளின் இரு வடிவங்கள். கிராக் மலிவானது, ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளில் விற்கப்பட்டது. தூள் வடிவம் விலை மிகுந்தது. வசதி படைத்தோரிடையே புழங்கியது. இதன் விளைவாக, கிராக் குற்றத்துக்காகக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டோருள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவராயினர்.

100க்கு 1 என்ற இவ்விகிதத்தை 18க்கு 1 ஆகக் குறைக்க 2010 வரை காத்திருக்க நேர்ந்தது. ஏற்கெனவே தண்டிக்கப்பட்டோருக்கு அச்சலுகையை நீட்டிக்கும் சட்டம் 2018இல்தான் வந்தது. முழுமையான சமநிலை இன்றுவரை எட்டப்படவில்லை.

இப்பாகுபாட்டுக்குத் திருச்சபைகளின் ஒரு பகுதியும் துணைநின்றது என்பதை மறைக்க இயலாது. 1960களில் ஹார்லெமில் போதை விற்பனையை எதிர்த்து மக்களைத் திரட்டிய போதகர் ஓபரியா டெம்ப்சி, 1973இல் நியூயார்க் ஆளுநர் ராக்ஃபெல்லர் கொண்டுவந்த கடுந்தண்டனைச் சட்டங்களை வெளிப்படையாக ஆதரித்தார். 1994ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்துக்கும் கறுப்பின மதத் தலைவர்கள் பலர் ஆதரவளித்தனர். தம் தெருக்களில் பிள்ளைகள் மடிவதைக் கண்டவர்களின் அச்சம் உண்மையானது. ஆயினும், அவர்கள் கேட்ட மருத்துவமனையும் பள்ளியும் வேலையும் போதிய அளவில் வந்துசேரவில்லை, சிறைகளே பெருகின. இம்முரணை ஜேம்ஸ் ஃபோர்மன் என்னும் சட்ட அறிஞர் 2017இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆய்ந்துள்ளார்.

மாற்று வழியில் நடந்த சபைகள்

வேறொரு மரபும் இருந்தது. சான்பிரான்சிஸ்கோவின் கிளைடு நினைவுத் திருச்சபையில் 1963 முதல் பணியாற்றிய போதகர் செசில் வில்லியம்ஸ், 1980களின் இறுதியில் கிராக்குக்கு அடிமையானோருக்கென மீட்புத் திட்டமொன்றைத் தொடங்கினார். குடிநோயாளர்களுக்கான புகழ்பெற்ற பன்னிரு படிமுறை, தான் ஆற்றலற்றவன் என ஒப்புக்கொள்வதையே முதற்படியாகக் கொண்டது. காலங்காலமாக அதிகாரம் மறுக்கப்பட்ட மக்களிடம் நீங்கள் ஆற்றலற்றவர்கள் என மீண்டும் கூறுவது மருந்தாகாது என்று வில்லியம்ஸ் வாதிட்டார். தன்னைத் தானே வரையறுத்தலையும் சமூகமாகக் கூடி நிற்றலையும் மீட்சியின் படிகளாக அவர் முன்வைத்தார்.

வணிக நிறுவனங்களை எதிர்த்து நின்ற சபைகளும் உண்டு. 1990இல் ஹார்லெமின் அபிசீனிய பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர் கால்வின் பட்ஸ், தம் சபையாரோடு வீதியிலிறங்கி, மது மற்றும் சிகரெட் விளம்பரப் பலகைகளுக்கு வெள்ளையடித்தார். அதே ஆண்டில், கறுப்பினத்தவரைக் குறிவைத்து ‘அப்டவுன்’ என்னும் மென்தால் சிகரெட்டைப் பிலடெல்பியாவில் அறிமுகப்படுத்த ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் திட்டமிட்டது. போதகர் ஜெஸ்ஸி பிரவுன் உள்ளிட்டோர் அமைத்த கூட்டமைப்பின் எதிர்ப்பும் அன்றைய சுகாதாரத் துறைச் செயலர் லூயிஸ் சல்லிவனின் கண்டனமும் சேர்ந்து, சிகரெட் கடைக்கு வருமுன்பே அத்திட்டத்தைக் கைவிடச் செய்தன. குடிப்பவரைத் திருத்துவதோடு நில்லாமல், விற்பவரையும் கேள்விக்குட்படுத்தியதே இப்போராட்டங்களின் சிறப்பு.

உரிமையும் பாடமாக

2020இல் அமெரிக்காவில் மிகைப் போதையால் நேரும் இறப்பு விகிதத்தில் கறுப்பினத்தவர் வெள்ளையரை விஞ்சினர். இப்பின்னணியில் கனெக்டிகட் மாநிலத்தில் நடைபெறும் ‘இமானி’ திட்டம் கவனத்துக்குரியது. சுவாகிலி மொழியில் இமானி என்றால் நம்பிக்கை. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கறுப்பின, லத்தீன் திருச்சபைகளும் இணைந்து இதனை உருவாக்கினர். பன்னிரண்டு வாரக் குழு வகுப்புகளும் அவற்றைத் தொடரும் பத்து வாரத் துணையும் இதன் அமைப்பு. போதையை முற்றாக விட்ட பிறகே வரவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. போதையிலிருந்து மீண்டவர்களே வழிகாட்டிகளாகச் செயல்படுகின்றனர். உடல், மனம், பொருளாதாரம் ஆகியவற்றோடு உரிமை, பொறுப்பு, உறவு, வளம், சமூகத்தில் ஒருவர் வகிக்கும் பங்கு ஆகியவையும் பாடங்களாகின்றன. போதைக் கல்வியின் பாடத்திட்டத்தில் குடியுரிமை இடம்பெற்றிருப்பதே நாம் இங்கு கருதவேண்டியது.

கட்டாயத்துக்கு எதிரான வரம்பு

மதநிறுவனம் சிகிச்சை அளிக்கும்போது மனச்சான்றின் உரிமை பற்றிய கேள்வி எழுகிறது. கடவுளை மையமாகக் கொண்ட மீட்புக் கூட்டங்களில் பங்கேற்குமாறு சிறைக்கைதியைக் கட்டாயப்படுத்துவது அரசமைப்புக்கு முரணானது என 1996இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரோலில் வந்த பௌத்தர் ஒருவரின் வழக்கில் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2007இல் அதே நிலைப்பாட்டை எடுத்தது. அரசு நிதியில் இயங்கும் சமயச் சார்புள்ள சிகிச்சை மையத்தை ஏற்க விரும்பாதவருக்கு மாற்று ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. கதவு திறந்திருக்கலாம், உள்ளே தள்ளுதல் கூடாது.

தமிழகத்தில் நம் கடமை

தமிழகக் கிறிஸ்தவர்களுள் தலித்துகள் பெரும் பகுதியினர். ஆனால், 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியுள்ளது. அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு எட்டுவதில்லை. சில ஊர்களில் கல்லறையிலும் சாதிச் சுவர் நிற்கிறது. மறுபுறம், 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக நடத்துகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, இறந்தோரில் பலர் தலித் கூலித் தொழிலாளர்களாக இருந்தனர். அப்போதும் பழி, குடித்தவர் மீதே சுமத்தப்பட்டது.

கறுப்பினத் திருச்சபைகளின் அனுபவம் அப்படியே இங்குப் பொருந்தாது. அவை கறுப்பினத்தவரே நடத்தியவை. இங்கோ சபை நிர்வாகத்தில் தலித்துகளின் இடமே இன்னும் போராட்டத்துக்குரியதாக உள்ளது. எனவே, சேரிப் பகுதிகளில் மதுவிலக்குப் பரப்புரை செய்யும் எந்தச் சபையிடமும் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, இத்திட்டத்தை வகுத்தவர் யார் என்பதே.

அடுத்து, சட்டம் பற்றிய அறிவு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையான ஒருவர், நுகர்வுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்படும்போது, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெறத் தாமே முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. மீட்பு இல்லம் என்ற பெயரில் அடித்தும் கட்டியும் வைப்பது, அதனைச் செய்பவர் எவ்வளவு பக்தராயினும், சட்டமீறலே.

போதைக் கல்வி நடத்த விழையும் இளைஞர் அமைப்புகளும் மாணவர்களும் மூன்று செய்திகளையேனும் ஒன்றாகக் கற்பிக்கவேண்டும்: போதை உடலை என்ன செய்கிறது, அதை விற்பவர் யார், பிடிபட்டவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு யாது. முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்தும் கல்வி, பழியை மீண்டும் நம் மக்கள் தலையிலேயே ஏற்றிவிடும்.