கன்ட்ரோல்+ஆல்ட் யாருக்குச் சொந்தம்?

போன வாரம் ஒரு பில் அடிக்க உட்கார்ந்தேன். ரூபாய்க் குறிக்காக வலது ஆல்ட்டோடு 4-ஐத் தட்டினால் ₹ வரவில்லை, கால்குலேட்டர் திறக்கிறது. மூடிவிட்டுத் தட்டினால் மறுபடியும் கால்குலேட்டர். கீபோர்டை மாற்றினேன், ரீஸ்டார்ட் பண்ணினேன், ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: கால்குலேட்டருக்கு கன்ட்ரோல்+ஆல்ட்+4 என்று ஷார்ட்கட் வைத்ததே நான்தான். வெச்சு வருஷக்கணக்காச்சு, மறந்தே போச்சு.

சரி, வலது ஆல்ட் ஒன்றை அழுத்தினால் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து அழுத்தியதாக விண்டோஸ் ஏன் எடுத்துக்கொள்கிறது? நூல் பிடித்துப் போனால் அது 1981-இல் போய் நிற்கிறது. அன்றைய ஐபிஎம் பிசி கீபோர்டில் 83 விசைகள்தான், ஆல்ட் ஒன்றே ஒன்று. ஐரோப்பிய மொழிக்காரர்களுக்கோ ஒரே விசையில் மூன்றாவது குறி ஒன்று தேவைப்பட்டது. அதற்கு கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினார்கள். வலது ஆல்ட் பிறகு வந்தது; அங்கே அதற்குப் பெயர் ஆல்ட்-ஜிஆர். பழைய கீபோர்டுக்காரர்களைக் கைவிட முடியாமல் விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டது. இன்றும் அந்த லேஅவுட்களில் ஆல்ட்-ஜிஆரை அழுத்தினால் ஒரு பொய் கன்ட்ரோலும் கூடவே போகும்.

இதே ஜோடியை இன்னொருவரும் பிடித்துக்கொண்டார். 1984-இல் போர்லாண்ட் நிறுவனம் சைட்கிக் என்ற மென்பொருளை வெளியிட்டது. டாஸில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் ஓடும். கடிதம் அடிக்கும்போது நடுவில் கணக்குப் போட வேண்டுமென்றால் சேமித்து, வெளியே வந்து, இன்னொன்றைத் திறக்க வேண்டும். சைட்கிக் நினைவகத்திலேயே உட்கார்ந்துகொண்டு கீபோர்டின் இன்டரப்ட் 9-ஐத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தட்டலையும் முதலில் அது பார்க்கும். கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து வந்தால் கால்குலேட்டரும் நோட்பேடும் திரையில் எழும்பும், மற்றதெல்லாம் கீழே போகும். அருமையான யோசனைதான். ஆனால் ஆளாளுக்கு இதையே செய்ய ஆரம்பித்ததும் அடிதடி. அனுமதி கேட்க ஒரு பொதுப் பதிவேடு கிடையாது, கடைசியில் ஏறியவனுக்குத்தான் முதல் மரியாதை. சைட்கிக்கைக் கடைசியாக ஏற்று என்பதே அப்போதைய அறிவுரை.

விண்டோஸ் 95-இல் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ஒரு எழுத்தைத் தட்டினால் போதும், கன்ட்ரோல்+ஆல்ட் தானே முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு அது புறம்போக்கு நிலம். போலந்துக்காரருக்கு அங்கேதான் வீடே: வால் வைத்த 'ஏ', தலையில் கோடு போட்ட 'எஸ்' எல்லாம் ஆல்ட்-ஜிஆரில் இருக்கின்றன. ஷார்ட்கட் வைத்தால் அந்த எழுத்து போச்சு. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2004-இலேயே இந்த ஜோடியைப் புரோகிராம்கள் தொடக்கூடாது என்று எழுதினார். அவர் கம்பெனியின் பெட்டி அதையேதான் இன்றும் ஒட்டுகிறது! 2010-இல் ரூபாய்க்குக் குறி வந்து, இந்திய ஆங்கில லேஅவுட்டில் ஆல்ட்-ஜிஆர்+4-இல் குடியேறியதும் நாமும் அந்தத் தெருவுக்கு வந்துவிட்டோம்.

எந்த ஷார்ட்கட் எந்த விசையில் என்று பார்க்க விண்டோஸில் ஒரு பட்டியல்கூட இல்லை. ஷார்ட்கட் ஃபைலுக்குள்ளேயே, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 64-ஆவது பைட்டில், இரண்டு பைட்டாக அது ஒளிந்திருக்கிறது. என்னுடையதில் 34 06. முதலாவது '4' என்ற விசை. அடுத்ததில் கன்ட்ரோலுக்கு 2, ஆல்ட்டுக்கு 4, கூட்டினால் 6. டெஸ்க்டாப்பையும் ஸ்டார்ட் மெனுவையும் துழாவ ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதினேன். ஐந்து கிடைத்தன, அதில் இரண்டு எப்போதோ தூக்கிய மென்பொருள்களுடையவை.

கால்குலேட்டரை கன்ட்ரோல்+ஷிஃப்ட்+4-க்கு மாற்றினேன். எக்செலில் அது கரன்சி ஃபார்மட்டாம், அங்கேயும் ஆள் இருக்கிறார். கடைசியில் டாஸ்க்பாரில் நான்காவது இடத்தில் பின் பண்ணிவிட்டேன். இப்போது விண்டோஸ் விசை+4.