பன்னிரண்டு சிப்பாய்கள்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு பொம்மை லாரிக்காகப் பெரிய வழக்கு. "அப்பா எனக்குத்தானே வாங்கி வந்தார்?" என்றான் பெரியவன். "கழன்று போன சக்கரத்தை மாட்டியது யாராம்?" என்றாள் சின்னவள். நீதிபதி, அதாவது அடியேன், தீர்ப்பை ஒத்திப் போட்டுவிட்டு என் அறைக்குள் புகுந்துகொண்டேன். இதே மாதிரி இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது.

யார்க்ஷயரில் ஹாவர்த் என்ற மேட்டுக் கிராமம். அங்கே பாட்ரிக் பிரான்டே என்ற பாதிரியார். 1821ல் மனைவி காலமானாள். 1825ல் மூத்த பெண்கள் இருவரும் க்ஷயரோகத்தில் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் ஷார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் என்று நான்கு குழந்தைகள்.

1826 ஜூன் மாதம் லீட்ஸ் நகரத்துக்குப் போன பாதிரியார், பையனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பெட்டியில் 12 பேர். பெண்களையும் அவர் மறந்துவிடவில்லை. ஒருத்திக்குப் பொம்மைக் கிராமம், இன்னொருத்திக்கு ஆடும் பொம்மை என்று ஏதோ வாங்கித்தான் வந்தார். பாவம், எந்தத் தகப்பனாரின் கணக்கு பலித்திருக்கிறது? விடிந்ததும் பிரான்வெல் சிப்பாய்ப் பெட்டியுடன் சகோதரிகளின் அறை வாசலில் வந்து நின்றான். அவனுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு இரண்டு சாட்சியங்கள் உண்டு. 1829ல் ஷார்லட் எழுதி வைத்தாள்: படுக்கையிலிருந்து குதித்தோடி ஒரு சிப்பாயைப் பறித்தேன், வெலிங்டன் பிரபு என்று பெயரிட்டேன், அவன் என்னுடையவன் என்றேன். பின்னால் பிரான்வெல்லும் எழுதினான்: ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள நான்தான் சம்மதித்தேன், பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தேன், அத்தனையும் என்னுடையவையே.

கதை எழுதுகிறவனான எனக்கு இரண்டு பேரையும் நம்பத் தோன்றுகிறது.

ஆனாலும் விளையாட்டு நிற்கவில்லை. நால்வரும் தங்களைப் பெரும் பூதங்களாக நியமித்துக்கொண்டார்கள். போரில் ஒருவருடைய வீரன் செத்தால் பூதங்கள் உயிர் கொடுத்துவிடலாம். இதைவிட நல்ல சமாதான ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை! சிப்பாய்களுக்கு ஒரு நகரம் பிறந்தது. நகரத்துக்குப் பத்திரிகை வேண்டாமா? சிப்பாய்கள் கையில் பிடித்துப் படிக்கிற அளவில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாகப் புத்தகங்கள் தைத்தார்கள். எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

1831ல் ஷார்லட் பள்ளிக்கூடம் போனதும் பாகப்பிரிவினை நடந்தது. பெரியவர்களின் அதிகாரம் அலுத்துப்போய் எமிலியும் ஆனும் கொண்டால் என்று தனி ராஜ்யம் அமைத்துக்கொண்டார்கள். பிரான்வெல் அக்காவோடு சேர்ந்து ஆங்க்ரியாவை ஆண்டான்.

1847ல் ஷார்லட்டின் 'ஜேன் அயர்' வெளிவந்தது. அதே ஆண்டில் எமிலியின் 'உதரிங் ஹைட்ஸ்', ஆனின் 'ஆக்னஸ் கிரே'. மூன்றும் புனைபெயரில். பிரான்வெல் குடியிலும் அபினியிலும் கரைந்துகொண்டிருந்தான். 1848 செப்டம்பரில், 31வது வயதில் இறந்தான். சகோதரிகள் ஒரு வரியாவது அச்சிட்டிருக்கிறார்கள் என்பது கடைசி வரை அவனுக்குத் தெரியாது என்று அடுத்த மாதம் ஷார்லட் ஒரு கடிதத்தில் எழுதினாள்.