கடைப் பலகையில் பெயர் எழுதாதவர்கள்

பொன்விழா மலர் என்றால் தலைவர்கள், செயலாளர்கள், புரவலர்கள் ஆகியோரின் படங்களும் பணிகளும் முதல் பக்கங்களில் இடம்பெறுவது வழக்கம். அது முறைதான். ஆயினும், படம்கூடக் கிடைக்காத ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரையேனும் இம்மலரில் இருக்க வேண்டும் என்று கருதினோம். அவர் மேடையில் ஏறியவர் அல்லர். மாதச் சந்தாவைத் தவறாமல் கட்டியவர். தஞ்சோங் பகாரில் ஒரு சிறு கடை வைத்திருந்தவர். அத்தா என்றும் வாப்பா என்றும் நம் வீடுகளில் அழைக்கப்பட்டவர். அவருக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் விடுபட்டுப் போவார்கள் என்பதால், பெயர் சொல்லாமலே எழுதுகிறோம்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். மலாய் மொழியில் தஞ்சோங் என்றால் கடல் முனை, பகார் என்றால் வேலி. மீன்பிடிக் கிராமமாக இருந்த அவ்விடத்தை மாற்றியது கப்பல் துறை. தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864இல் தொடங்கப்பட்டது. 1932இல் ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. மூட்டை தூக்குவோரும் கப்பல் பழுதுபார்ப்போரும் நிறைந்த இடத்தில் தேநீருக்கும், வெற்றிலைக்கும், சில்லறைச் சாமான்களுக்கும் கடை வேண்டியிருந்தது. அதை வைத்தவர்களில் நம்மவர் பலர்.

அவர்களில் பெரும்பகுதியினர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூர், தென்காசி வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். கடையநல்லூர் தறிச் சத்தம் கேட்கும் ஊர். ஆலைத் துணி சந்தையைப் பிடித்ததும் கைத்தறியை நம்பிய வீடுகளில் அடுப்பெரிவது கடினமாயிற்று. சபுர் போவது ஒன்றே வழி என்றானது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கு வழியாக இங்கு வந்து இறங்கினார்கள். ‘ரஜூலா’ கப்பலின் பெயரை நம் பெரியவர்கள் ஓர் உறவினரின் பெயரைப்போலச் சொல்வதைக் கேட்டிருப்போம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். மற்ற பல ஊர்களின் சபுராளிகள் பெரும்பாலும் தனியாகவே வந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் உழைப்பார்கள், ஊர் போய் மனைவி மக்களைப் பார்ப்பார்கள், மறுபடி கப்பலேறுவார்கள். பிள்ளைகள் தகப்பனாரை விருந்தாளிபோல அறிந்தார்கள். கடையநல்லூர், தென்காசி மக்களோ வெகு முன்பே குடும்பத்தோடு வந்து குடியேறத் தொடங்கினார்கள். குடும்பத்தோடு இருப்பதென்றால் செலவு இரட்டிப்பு. ஊரில் நிலம் வாங்க முடியாது. தெரிந்தேதான் அந்த முடிவை எடுத்தார்கள். நாம் இன்று இந்நாட்டில் நான்காம், ஐந்தாம் தலைமுறையாக இருப்பதற்கு அடித்தளம் அந்த முடிவே.

அவருடைய கடை பெரியதன்று. பெரும்பாலும் ஐந்தடியில் சுவரை ஒட்டிய ஒட்டுக்கடை. இரண்டு பக்கமும் தட்டுகள், முன்னால் மிட்டாய்ப் போத்தல்கள், மேலே தொங்கும் வாழைப்பழச் சீப்பு, ஓரத்தில் தமிழ் முரசு. சுபுஹுத் தொழுகை முடித்துப் பலகையைத் திறந்தால் இரவு நெடுநேரம் கழித்தே அடைப்பார். தமிழ்த் தொழிலாளி அவரைப் ‘பாய்’ என்றார். மலாய்க்காரர் ‘மாமா’ என்றார். ‘மாமாக் கடை’ என்ற பெயர் அப்படி வந்ததென்றே சொல்வார்கள். சீன வாடிக்கையாளரிடம் ஹொக்கியனில் விலை சொல்லும் அளவுக்கு மொழியும் பழகிக்கொண்டார். துறைமுகத்தில் சம்பளம் போடும் நாள்வரை கடன் நோட்டில் எழுதிக்கொள்வார். கப்பல் வரத்துக் குறைந்த மாதங்களில் அந்த நோட்டின் சில பக்கங்கள் வசூலாகாமலே போகும். அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் கடையைப் பாதி அடைத்துவிட்டு, தெலுக் ஆயர் தெருவில் நாம் குச்சுப்பள்ளி என்றழைக்கும் அல் அப்ரார் பள்ளிவாசலுக்கோ, சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்கோ நடந்து போவார்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, குடும்பத்தை அவர் ஒருவரே காப்பாற்றினார் என்று நினைத்தால் வரலாறு பிழையாகிவிடும். கடைப் பலகையில் அவர் பெயர் இருந்தது. நம் தாய்மாரின், பாட்டிமாரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஆனால் விடியுமுன் அம்மியில் மிளகாயும், மல்லியும், மஞ்சளும் அரைத்தவர்கள் அவர்கள். அரைத்த மசாலாவைச் சந்தையில் உருண்டை உருண்டையாக வைத்து விற்றவர்களும் அவர்களே. மீனுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று கேட்பவரின் தேவைக்கேற்பக் கலந்து, இலையில் மடித்துக் கொடுப்பார்கள். சீன, மலாய் இல்லத்தரசிகளும் அவர்களிடம் வாங்கினார்கள். கடையில் வியாபாரம் மந்தமான நாளில் அடுப்பு எரிந்தது மசாலாக் காசில்தான். மிளகாய்க் காந்தலில் எரிந்த அந்தக் கைகளைப் பற்றி நம் கூட்டங்களில் பேசியது மிகக் குறைவு. இது நம்மிடம் உள்ள குறை. இம்மலரிலாவது அதை ஒப்புக்கொள்கிறோம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஊருக்குப் பணமும் போகவில்லை, கடிதமும் வரவில்லை. அந்த மூன்றரை ஆண்டுகளை மரவள்ளிக் கிழங்கை வைத்து ஓட்டிய கதை நம் வீடுகள் அனைத்திலும் உண்டு.

போர் முடிந்ததும் கடைகள் இன்னும் சரியாக எழுந்து நிற்காத நேரத்திலேயே பிள்ளைகளின் படிப்பைப் பற்றி யோசித்தார்கள். 1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தஞ்சோங் பகாரில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைத் தேர்ந்ததில் ஒரு பொருள் உண்டு. நம் மார்க்கமும் நம் மொழியும் ஒரே பெயரில் அமைந்தன. 1960இல் அது உயர்நிலை வகுப்புகளையும் தொடங்கி, தமிழிலேயே உயர்நிலைக் கல்வி தந்த பள்ளியாயிற்று. ஒட்டுக்கடைக்காரரும், மசாலா விற்ற தாயும் மிச்சம் பிடித்த காசு அந்தப் பள்ளிக்குப் போயிற்று. கணக்குப் போட்டுக் கடன் நோட்டு எழுதும் அளவே படித்த தகப்பனார், மகனும் மகளும் புத்தகப்பை சுமந்து போவதைக் கடை வாசலில் நின்று பார்த்தார்.

1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ஊரா சிங்கப்பூரா என்ற கேள்விக்குப் பலரும் விடை சொல்ல வேண்டியிருந்தது. தனியாக வந்தவர் தயங்கினார். குடும்பத்தோடு இருந்தவருக்குப் பிள்ளைகளே விடையாக இருந்தார்கள்.

பிறகு காலம் மாறியது. 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிய வீடுகளைக் கட்டியது. தண்ணீரும் மின்சாரமும் உள்ள வீடு கிடைத்தது பெரிய நன்மை. ஆனால் ஒரே தெருவில் இருந்தவர்கள் தீவின் நான்கு மூலைக்கும் பிரிந்தார்கள். பழைய இடத்தில் ஒட்டுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அரைத்த மசாலாவின் இடத்தைப் பொட்டலத் தூள் பிடித்தது. படித்த மகன் அலுவலக வேலைக்குப் போனான். கடையை எடுத்து நடத்த ஆள் இல்லை. அதற்காகத் தகப்பனார் வருந்தினாரா, மகிழ்ந்தாரா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. மகன் கடையில் உட்காரக் கூடாது என்றுதானே அவர் கடையில் உட்கார்ந்தார்! பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. மறு ஆண்டு உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி எழுந்தது நமக்கு ஆறுதல். 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயிலும் தஞ்சோங் பகாரை விட்டுப் புறப்பட்டது.

இன்று மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த உணவங்காடியின் முகவரி, எண் 1, கடையநல்லூர் ஸ்திரீட். ஊரின் பெயர் தெருப் பலகையில் இருக்கிறது. அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்களின் பெயர்களை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே உறுப்பினர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய கடன் நோட்டோ, கப்பல் சீட்டோ, கடை முன் எடுத்த படமோ இருந்தால் சங்கத்தில் காட்டுங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். ஒன்றுமே இல்லையென்றாலும், ஒரு தாளில் அத்தாவின் பெயரை எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே, மசாலா அரைத்த பாட்டியின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.

அவர்கள் அனைவரின் மண்ணறையையும் வல்ல இறைவன் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.